செல்லும் காசும் செல்லாக் காசும்

தில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் செல்லும் தமிழர் ஒருவர் வழியில் மூன்று நான்கு மொழிகளைக் கடந்து போகிறார். ஆக்ராவில் பூசணிக்காய் மிட்டாய் வாங்குகிறார். நாகபுரியில் ஆரஞ்சுப் பழம் வாங்குகிறார். விஜயவாடாவில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்குகிறார். நிலையப் பலகைகளில் எழுத்து மாறிக்கொண்டே வருகிறது. கூடை சுமந்து வருவோரின் கூவலும் மாறுகிறது. மாறாதது ஒன்றே, அது அவருடைய சட்டைப்பையிலுள்ள ரூபாய்.

அந்த ரூபாய் நோட்டின் பின்புறத்தில் ஒரு கட்டத்துக்குள் 15 மொழிகளில் அதன் மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுள் தமிழும் ஒன்று. வெளி மாநிலங்களில் வளரும் நம் குழந்தைகளுள் சிலர் தமிழெழுத்தை முதன்முதலாக இனம் கண்டுகொண்டது அந்தக் கட்டத்துக்குள்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து, எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியவன் நான். அவற்றையெல்லாம் யார் படித்தார்கள் என்பதை நான் அறியேன். ‘நூறு ரூபாய்’ என்னும் இரண்டு சொற்களைவிட அதிகமான பிரதிகள் அச்சேறிய தமிழாக்கம் வேறொன்று இருக்க முடியாது என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

இலங்கையின் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. சிங்கப்பூரின் நோட்டிலும் அந்நாட்டின் பெயர் தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நம்முடைய நூறு ரூபாயைச் சிங்கப்பூர்க் கடைக்காரரிடம் நீட்டினால், அவர் தமிழராகவே இருந்தாலும், அதைப் பார்த்துப் புன்னகை செய்து திருப்பிக் கொடுத்துவிடுவார். இங்கே செல்லும் காசு அங்கே செல்லாக் காசு. அதைச் செல்லும் காசாக மாற்றிக்கொள்வதைத்தான் ‘அந்நியச் செலாவணி வாங்குதல்’ என்கிறோம். விடுமுறைக்கு வெளிநாடு செல்வோர் இன்று இதனை ஒரு மணி நேர வேலையாகச் செய்து முடித்துவிடுகிறார்கள். நம் பாட்டனார் காலத்தில் அது ஒரு மணி நேர வேலையாக இருக்கவில்லை. பலருக்கு நடவாத காரியமாகவே இருந்தது. அந்த மாறுதலின் வரலாற்றை இன்று சிறிது நினைவு கூர்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். நாட்டின் எல்லையும் காசின் எல்லையும் எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்தன என்று எண்ணுவது தவறு. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஐம்பது மைல்தான் இருக்கும். ஆனால் 1949 வரை, நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்தில், அங்கே காசும் சக்கரமும் பணமும் வழங்கிவந்தன. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் ஒன்றுக்கோ 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். ஆக, ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி மகளைப் பார்க்கச் சென்ற ஒரு தாய் தன் முந்தானை முடிச்சிலிருந்த காசை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியிலும் தனி நாணயம் வழங்கிற்று. காசு மாற்றிக் கொடுப்பவர் அதற்காகப் பிடித்துக்கொண்ட தொகைக்குத் தமிழில் ‘வட்டம்’ என்று பெயர். வட்டம் கொடுக்காமல் காசு மாறாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இந்தச் சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முடிவில் மீண்டும் இதனிடம் வருவோம்.

இதற்கு நேர்மாறாக, கடல் கடந்த நாடுகள் பலவற்றில் நம் ரூபாயே வழங்கிவந்ததும் உண்டு. பர்மாவில் இந்திய ரூபாய் செல்லுபடியாயிற்று. 1937-இல் அந்நாடு இந்தியாவினின்று பிரிந்த பின்னரும் 1947 வரை அதன் மத்திய பாங்காகப் பணிபுரிந்தது நம் ரிசர்வ் பாங்குதான். இடையில் ஜப்பானியர் கைப்பற்றிய ஆண்டுகள் மட்டுமே விலக்கு. ஏடனிலும் பாரசீக வளைகுடாவின் அரபு நாடுகளிலும் ரூபாய் புழங்கிற்று. இலங்கை ரூபாய் தனியானதாயினும் இந்திய ரூபாய்க்கு ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில் இணைந்திருந்தது. எனவே ரங்கூனுக்குக் கப்பலேறிய செட்டிநாட்டு வணிகருக்கோ தஞ்சாவூர்க் கூலித் தொழிலாளிக்கோ ‘அந்நியச் செலாவணி’ என்ற சொல்லே தேவைப்படவில்லை. நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்குப் போனவர் காசு மாற்றினார். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போனவர் மாற்றவில்லை!

இந்த நிலை 1939 செப்டம்பரில் மாறத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் மூண்டவுடன், இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு ரிசர்வ் பாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரிட்டனுக்குப் போர்த் தளவாடங்கள் வாங்க அமெரிக்க டாலர் வேண்டியிருந்தது. ஆகவே பேரரசின் பகுதிகள் சம்பாதித்த டாலரெல்லாம் லண்டனிலிருந்த பொதுக் கருவூலத்தில் சேர்ந்தன. இந்தியாவின் சணலும் தேயிலையும் ஈட்டிய டாலரும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. போர்க்காலத்தில் இந்தியா பிரிட்டனுக்குப் பண்டங்களையும் சேவைகளையும் வழங்கிக்கொண்டே இருந்தது. அதற்கான விலை லண்டனில் ஸ்டெர்லிங் கணக்கில் வரவு வைக்கப்பட்டதேயன்றிக் கைக்கு வரவில்லை. சுதந்திரம் பெற்றபோது அந்த இருப்பு நூறு கோடி பவுனுக்கும் மேற்பட்டிருந்தது. கடன் கொடுத்தவர் இந்தியர். ஆயினும் அதை எப்போது, எவ்வளவு எடுப்பது என்பதைக் கடன் வாங்கியவருடன் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1944-இல் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியப் பிரதிநிதிகள் இப்பிரச்சினையை எழுப்பினர். கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் அக்குழுவில் இருந்தார். மாநாடு அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

போர்க்காலத்துக்கென்று வந்த கட்டுப்பாடு போர் முடிந்ததும் போய்விடவில்லை. 1947 மார்ச்சு 25-ஆம் நாள் அது தனிச் சட்டமாகவே நடைமுறைக்கு வந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் அதன் கடுமை சாதாரணப் பிரயாணிக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. கடுமை தெரிந்தது இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின்போதுதான். 1956-இல் தொடங்கிய அத்திட்டம் உருக்காலைகளையும் கனரக யந்திரங்களையும் நாடியது. யந்திரம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். யந்திரத்துக்கு விலை வெளிநாட்டுப் பணத்தில் தர வேண்டும். இரண்டே ஆண்டுகளில் ஸ்டெர்லிங் இருப்பு கரையத் தொடங்கியது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி கோதுமையை டாலருக்கன்றி ரூபாய்க்கே வாங்கும் நிலை வந்தது. 1958 ஆகஸ்டில் உலக வங்கி நம் நாட்டுக்கு உதவும் நாடுகளின் கூட்டமொன்றைக் கூட்டியது. நெருக்கடியின் ஆழம் இவற்றால் விளங்கும்.

இந்தச் சூழ்நிலையில் ஒருவர் உல்லாசப் பயணமாக வெளிநாடு செல்வதென்பது நாட்டின் கஜானாவில் கைவைப்பதாகவே கருதப்பட்டது. கப்பல் அல்லது விமானச் சீட்டு வாங்குவதற்கே ‘பி’ படிவம் என்ற ஒன்றை நிரப்பி அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கையில் கொடுக்கப்படும் தொகை மிகச் சொற்பம். கொடுத்த தொகையைப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி முத்திரையிடுவார்கள். 8 டாலருடன் அமெரிக்கா போய் இறங்கினோம், 3 பவுனுடன் லண்டன் சேர்ந்தோம் என்று இன்றைக்கும் முதியோர் பலர் சொல்லக் கேட்கலாம்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது நன்கு விளங்கும். என் பாட்டனார் தில்லியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அவருடைய உடன்பிறந்த தங்கை வாழ்க்கைப்பட்டது பினாங்கில். 1964-இல் அந்தத் தங்கையின் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் இல்லாமல் நம்மவர் வீட்டில் கல்யாணம் நடக்குமா? பாட்டனார் தபாலாபீசில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பணம் இருந்தது. மாமன் சீருக்கென்று காஞ்சிபுரத்திலிருந்து பட்டுப்புடவையும் வரவழைத்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அங்கே தங்கும் செலவை யார் ஏற்பது என்று கேட்டிருந்தார்கள். தங்கையின் கணவர் ஏற்பதாகக் கடிதம் எழுத வேண்டும். அது கடல் கடந்து வர வேண்டும். கடிதம் வந்து சேர்ந்தபோது முகூர்த்த நாள் கடந்துவிட்டது. மாமன் சீரை அங்கே வேறொருவர் கையால் கொடுத்து முடித்துவிட்டார்கள். பட்டுப்புடவை பின்னர் யாரோ ஒரு பிரயாணியின் பெட்டியில் பினாங்கு போய்ச் சேர்ந்தது.

சேமிப்புப் புத்தகத்தில் பணம் இருந்தது. ஆனால் அது ரூபாயாக இருந்தது. அதுதான் தடை. பாட்டனார் இதைப்பற்றிக் கோபமாகப் பேசியதே இல்லையாம். “உருக்காலைக்கு யந்திரம் வேண்டும், எனக்குக் கல்யாணம் பார்க்க வேண்டும். எது முக்கியம் என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் யந்திரம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை” என்று மட்டும் சொல்வார் என என் தந்தையார் கூறுவதுண்டு. அவர் காலமான பிறகு தகரப் பெட்டியில் கல்யாணப் பத்திரிகையும் படிவத்தின் நகலும் ஒன்றாக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

பற்றாக்குறையான பொருளைப் பங்கிட்டுக் கொடுப்பதில் தவறில்லை. அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் இருந்த நாட்டில் டாலருக்கும் ரேஷன் இருந்தது. ஆனால் எந்த ரேஷனும் அதன் பக்கத்திலேயே ஒரு கள்ளச் சந்தையை வளர்த்துவிடுகிறது. சட்டத்தை மதித்த எழுத்தர் வீட்டிலேயே இருந்தார். வசதியும் துணிவும் உள்ளவர்களுக்கோ கள்ளச் சந்தையில் வழி இருந்தது. இங்கே ஒருவரிடம் ரூபாயைக் கொடுத்தால் அங்கே இன்னொருவர் டாலரைக் கொடுப்பார். எல்லையைத் தாண்டிப் பணம் ஏதும் போவதில்லை. வணிகர்கள் ஒரு காலத்தில் நேர்மையாகக் கையாண்ட ‘உண்டியல்’ என்னும் சீட்டு முறைதான் இப்படி மறைமுக வாணிபமாக உருமாறியது. தமிழில் ‘நாணயம்’ என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. அக்கால விதிகள் காசைக் காப்பாற்றப் போய் நேர்மையாளரைத் தண்டித்தன என்று சொல்வது ஓரளவு பொருந்தும்.

வளைகுடா நாடுகளில் நடந்ததும் இதனோடு தொடர்புடையதே. அங்கே நம் ரூபாய் செல்லுபடியானதால், இங்கிருந்து நோட்டுகள் கட்டுக்கட்டாக அங்கே கடத்தப்பட்டன. அந்த ரூபாய் தங்கமாக மாறி இந்தியாவுக்குள் திருட்டுத்தனமாக வந்தது. அந்த நோட்டுகளோ முறைப்படி ரிசர்வ் பாங்குக்குத் திரும்பி வந்து, பதிலுக்கு ஸ்டெர்லிங்கைக் கேட்டன. நாடு தன் வெளிநாட்டுப் பணத்தை இழப்பதற்கு இது ஒரு வாயிலாயிற்று. அதை அடைக்க 1959-இல் வளைகுடாவுக்கென்றே வேறு நிறத்தில் தனி நோட்டுகள் வெளியிடப்பட்டன. மெக்காவுக்குப் புனித யாத்திரை செல்வோருக்கென்று 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் ஹஜ் நோட்டுகளும் அச்சிடப்பட்டன. ஒரே ரூபாய்க்கு மூன்று உடைகள்! பின்னர் குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் தங்கள் சொந்த நாணயத்தை ஏற்படுத்திக்கொண்டன. 1966-இல் நம் ரூபாயின் மதிப்பு குறைந்ததும் ஏனையவையும் விலகின. ஓமான் மட்டும் 1970 வரை வளைகுடா ரூபாயை வைத்திருந்தது.

அந்த 1966-ஆம் ஆண்டைப்பற்றிச் சிறிது விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்ற மாற்று விகிதம் 1927-இல் சட்டமாயிற்று. அதன்படி ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை. இந்த விகிதம் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1949 செப்டம்பரில் பவுன் தன் மதிப்பைக் குறைத்துக்கொண்டபோது ரூபாயும் அதனுடன் சேர்ந்து இறங்கிற்று; டாலரின் விலை சுமார் 3 ரூபாய் 31 பைசாவிலிருந்து 4 ரூபாய் 76 பைசாவாயிற்று. 1966 ஜூன் 6-ஆம் நாள் அது ஒரே இரவில் 7 ரூபாய் 50 பைசாவாகிவிட்டது. பவுனுக்கு 21 ரூபாய்.

ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் குறைந்தது என்றார்கள் சிலர். டாலரின் விலை 57.5 சதவீதம் ஏறியது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மை. முன்பு 100 ரூபாய்க்கு 21 டாலர் கிடைத்தது, இப்போது 13 டாலரும் சில்லறையும்தான் கிடைத்தது, அதுவே 36.5 சதவீதக் குறைவு. முன்பு 476 ரூபாய் கொடுத்து வாங்கிய 100 டாலருக்கு இப்போது 750 ரூபாய் தர வேண்டியிருந்தது, அதுவே 57.5 சதவீத ஏற்றம். ஒரே மலையை ஏறுகிறவன் பார்ப்பதும் இறங்குகிறவன் பார்ப்பதும் வேறு வேறு. பிரயாணிக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு. பத்திரிகையில் ரூபாய் வீழ்ந்தது என்று படித்தால், என் கையிலிருந்து எத்தனை ரூபாய் அதிகம் போகும் என்று கணக்கிடப் பழக வேண்டும்.

1975 செப்டம்பரில் ரூபாய் பவுனை விட்டுப் பிரிந்தது. பல நாட்டு நாணயங்களின் தொகுப்பொன்றோடு அதனை இணைத்தார்கள். அப்போது நிதியமைச்சர் சி. சுப்பிரமணியம். இதற்கிடையே 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் மேலும் கடுமையான 1973-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1974 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையாயிற்று. அச்சட்டத்தை மீறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முந்தைய பயணத்தில் மீந்த டாலர் நோட்டுகள் சிலவற்றை அலமாரியில் வைத்திருந்தவர்கூட அஞ்ச வேண்டிய காலம் அது.

கதவு திறந்தது எப்போது? அது தாராள மனத்தால் திறக்கவில்லை, நெருக்கடியால் திறந்தது. 1991-இல் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பு ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு இறங்கிவிட்டது. இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே அது போதும். அந்த ஜூலை மாதத்தில் ரிசர்வ் பாங்கின் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் பம்பாயிலிருந்து விமானமேறி லண்டனுக்குப் போயிற்று. வீட்டில் முடை வந்தால் தாலியை மட்டும் விட்டு மற்ற நகைகளை அடகு வைக்கும் குடும்பத்தை நாம் அறிவோம். ஒரு நாடே அப்படிச் செய்தபோது மக்கள் மனம் துடித்ததில் வியப்பில்லை. அதே மாதம் ரூபாயின் மதிப்பு இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. 1993 மார்ச்சில் மாற்று விகிதத்தைச் சந்தையே தீர்மானிக்கும் முறை வந்தது. 1994 ஆகஸ்டில், வாணிபம், பயணம், கல்வி போன்ற நடப்புச் செலவுகளுக்கு ரூபாயைத் தடையின்றி மாற்றலாம் என்று சர்வதேச நிதியத்திடம் இந்தியா உறுதி கூறியது. அப்போது ரிசர்வ் பாங்கின் கவர்னர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. ரங்கராஜன்.

2000 ஜூன் முதல் நாளன்று பழைய சட்டம் மறைந்து புதிய சட்டம் வந்தது. பழைய சட்டத்தின் பெயரில் ‘ஒழுங்குபடுத்தல்’ என்ற சொல் இருந்தது. புதியதன் பெயரில் ‘மேலாண்மை’ என்ற சொல் இடம் பெற்றது. பெயர் மாறியதோடு நிற்கவில்லை. விதிமீறல் இனிச் சிறைக்குரிய குற்றமன்று. பெரும்பாலும் அபராதம் செலுத்தித் தீர்க்க வேண்டிய பிழை. 2004 பிப்ரவரியில், இந்தியாவில் வசிக்கும் எவரும் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை காரணம் காட்டி அனுமதி கேட்காமலே அனுப்பலாம் என்ற திட்டம் தொடங்கியது. அந்த வரம்பு படிப்படியாக 2 லட்சம் டாலர்வரை ஏறியது. 2013 ஆகஸ்டில் ரூபாய் தடுமாறியபோது 75,000-க்கு இறங்கியது. 2015-இல் இரண்டரை லட்சம் டாலராயிற்று. பயணத்துக்கு வாங்கும் பணமும் இந்த வரம்புக்குள் அடங்கும். கதவு திறந்திருக்கிறது, ஆனால் அதற்குத் தாழ்ப்பாளும் உண்டு என்பதை 2013 நினைவூட்டுகிறது.

இப்போது கதவு திறந்த பிறகு பிரயாணி அறிந்திருக்க வேண்டியவை சில. அவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, விலை ஒன்றன்று, இரண்டு. பணமாற்று நிலையத்தின் பலகையில் ‘விற்கும் விலை’ என்றும் ‘வாங்கும் விலை’ என்றும் இருக்கும. விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலையத்தாரே. நாம் வெளிநாட்டுப் பணம் வாங்கப் போனால் நமக்குரியது அவர்களுடைய விற்கும் விலை. கணக்கு எளிதாயிருக்கும்பொருட்டு, ஒரு வெளிநாட்டு நாணயத்தின் சந்தை விலை 100 ரூபாய் என்று கொள்வோம். நிலையத்தார் 103 ரூபாய்க்கு விற்பார்கள். 97 ரூபாய்க்கு வாங்குவார்கள். 1,000 நாணயம் வாங்க 1,03,000 ரூபாய் கொடுக்கிறோம். அதில் 200 மீந்து, திரும்பி வந்து கொடுத்தால் 19,400 ரூபாய் கிடைக்கும். அந்த 200-க்கு நாம் கொடுத்ததோ 20,600. வெறுமனே பெட்டியில் போய் வந்த பணத்துக்கு 1,200 ரூபாய் நஷ்டம். அதுதான் நம் முன்னோர் சொன்ன வட்டம்.

இதில் நானே ஏமாந்திருக்கிறேன். குடும்பத்துடன் சிங்கப்பூர் செல்லும்முன், ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்த ஓரிடத்தில் மகிழ்ச்சியுடன் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பத்திரிகையிலிருந்த விலையோடு ஒப்பிட்டபோதுதான், கமிஷன் என்ற பெயரில் வாங்காததை விலையிலேயே சேர்த்து வாங்கிவிட்டார்கள் என்பது விளங்கியது. பொய் ஏதும் சொல்லவில்லை அவர்கள். நான்தான் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுவே: “எல்லாம் உட்பட என் கையிலிருந்து எத்தனை ரூபாய் போகும்? என் கைக்கு எத்தனை நாணயம் வரும்?” இந்த இரண்டு எண்களை இரண்டு மூன்று இடங்களில் கேட்டு ஒப்பிட்டால் போதும்.

இரண்டாவது, பணத்தின் வடிவம். நோட்டுகளைக் கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவர வேண்டும், காப்புறுதி செய்ய வேண்டும், கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், விற்கும்வரை பெட்டியில் முடக்கி வைக்க வேண்டும். ஆகவே நோட்டுக்கு வட்டம் பெரும்பாலும் அதிகம். 1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வெளியிட்ட பிரயாணிகள் காசோலை நெடுங்காலம் இதற்கு மாற்றாக இருந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது அதே போல இன்னொரு கையெழுத்து. தொலைந்தால் ஈடு கிடைக்கும். இன்று அதன் இடத்தை முன்பணம் நிரப்பிய பயண அட்டை பிடித்துக்கொண்டது. வெளிநாட்டுக் கடையில் அட்டையைக் கொடுக்கும்போது, “ரூபாயில் கணக்கிடலாமா, இந்நாட்டுப் பணத்திலா?” என்று யந்திரம் கேட்கும். ரூபாய் என்ற பழகிய பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அந்நாட்டுப் பணம் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால், விகிதத்தை அந்தக் கடைக்காரருடைய பாங்கு தன் விருப்பப்படி வைக்கும்.

மூன்றாவது, விதிகள். ரிசர்வ் பாங்கின் அங்கீகாரம் பெற்ற பாங்குகளிலும் பணமாற்று நிலையங்களிலும் மட்டுமே வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்தில் 3,000 டாலர் மதிப்புவரைதான் நோட்டுகளாகக் கொண்டு போகலாம். மிகுதியை அட்டை முதலிய வேறு வடிவில் கொண்டு செல்லலாம். திரும்பியபின் மீந்ததை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம். நேபாளத்துக்கும் பூடானுக்கும் செல்வோருக்கு அந்நியச் செலாவணி கொடுக்கப்படுவதில்லை, தேவையும் இல்லை. நேபாளத்தின் 1 ரூபாய் 60 பைசா நம் ஒரு ரூபாய்க்குச் சமம். பூடானின் நாணயம் நம் ரூபாயுடன் ஒன்றுக்கு ஒன்று. ரங்கூன் காலத்தின் மிச்சம் அந்த இமயச் சாரலில் இன்னும் சற்று இருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறக்கூடியவையாதலால், புறப்படும்முன் உங்கள் பாங்கில் ஒரு முறை விசாரித்துக்கொள்வது நலம்.

நேயர்களே, இறுதியாக ஒன்று. ரூபாயை நாம் அச்சிடலாம். டாலரை அச்சிட முடியாது. அதை யாராவது ஈட்டித்தான் கொண்டுவர வேண்டும். திருப்பூரில் பின்னலாடை தைக்கும் பெண்ணும், பெங்களூரில் இரவில் விழித்துக் கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞனும், துபாய் வெயிலில் சாரத்தில் நிற்கும் இராமநாதபுரத்துக் கொத்தனாரும் ஈட்டியதுதான் நாம் பயணத்துக்கு வாங்கும் அந்நியப் பணம். வெளிநாடு வாழ் இந்தியர் தாயகத்துக்கு அனுப்பிய தொகை 2022-ஆம் ஆண்டில் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. 1991-இல் 100 கோடி டாலருக்குத் தவித்த நாட்டின் கையிருப்பு 2024 செப்டம்பரில் 70,000 கோடி டாலரை எட்டியது. கதவைத் திறந்தது சட்டம் மட்டுமன்று, இவர்களுடைய வியர்வையும்தான்.

நான் சிங்கப்பூர் சென்றபோது அங்கிருந்து பினாங்குக்கும் ஒரு நாள் போய் வந்தேன். என் தந்தையின் அத்தை இப்போது இல்லை. தாய்மாமன் இல்லாமல் மணமேடை ஏறிய அந்த மணப்பெண் இருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிவிட்டார். “உன் தாத்தா வரவில்லை, அவர் அனுப்பிய புடவை வந்தது” என்று சொல்லி, அலமாரியைத் திறந்து அதை எடுத்துக் காட்டினார். வாங்கும் விலை, விற்கும் விலை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கணத்தில், ஒரு மணி நேரத்தில் ஒரு சாளரத்தின் முன் நின்று நான் பெற்றுக்கொண்ட உரிமையின் முழு மதிப்பும் தெரிந்தது.

விடுமுறைக்கு வெளிநாடு செல்லும் நேயர்கள் மகிழ்ச்சியாகச் சென்று வருக. வட்டத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள். வேண்டிய அளவே வாங்குங்கள். நேரான வழியில் வாங்குங்கள். காசும் நேர்மையும் நம் மொழியில் ஒரே சொல் என்பது நினைவிருக்கட்டும்.